எந்த நாள்ல எடுத்த கோடு

சார், அந்தச் சுருளு மேல காலு படாமப் பாத்துக்குங்க. இல்லீங்க, படல, பரவால்ல. நான் மடியிலயே வெச்சுக்கறேன். காலண்டருங்களான்னு கண்டக்டரும் கேட்டாரு. காலண்டர் இல்லீங்க, சார்ட்டு. லேமினேசன் பண்ணது, அதான் இப்படி முறுக்கிக்கிட்டு நிக்குது.

நீங்களும் காங்கயந்தானுங்களா? அப்ப ஒரு மணி நேரம் இருக்குது. சொல்றேன் கேளுங்க. நீங்க கேக்காட்டியும் சொல்லுவனுங்க, பதினோரு நாளா ஊட்டுல பேச ஆளில்ல.

எம்பேரு நாச்சிமுத்து. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி, பேரு வேண்டாம், அங்க கம்ப்யூட்டர் ரூமுல இருக்கறேன். இருவத்திரண்டு வருசமாச்சு. என்ன சோலின்னா, கோடு பாக்கற சோலிங்க. திரையில ரெண்டு கோடு ஓடும். நீலக் கோடு, அது இன்னைக்கு மிசினு, அதாங்க எங்க பெரிய கம்ப்யூட்டரு, எப்படி ஓடுதுங்கறது. சாம்பல் கோடு, அது வழக்கமா எப்படி ஓடும்ங்கறது, முன்னாலயே அளந்து வெச்சது. இங்கிலீசுல பேஸ்லைன்ம்பாங்க, நான் பழங்கோடும்பேன். நீலம் பழங்கோட்டை ஒட்டியே போச்சுன்னா நாம டீ குடிக்கப் போலாம். ரெண்டு மடங்கு விலகுச்சுன்னா மஞ்சளு, போன் பண்ணி விசாரிக்கோணும். மூணு மடங்குன்னா சிவப்பு. சிவப்பு வந்துட்டா போனெல்லாம் ஆகாது, ஆளு நேர்ல போகோணும். அதுதான் எங்க ரூமுச் சட்டம். அந்தச் சட்டப்படிதான் இப்ப இந்த பஸ்ஸுல உக்காந்திருக்கறேன்.

கம்பெனில என்னைக் கோட்டு நாச்சிமுத்தும்பாங்க. அதுல ஒரு கூத்து. பொண்ணு பாக்கப் போனப்ப, மாப்ள என்ன பண்றாருன்னு மாமனாரு கேட்டாரு. கோடு பாக்கறனுங்கன்னேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், கோட்டு தைக்கற கம்பெனின்னு எடுத்துக்கிட்டாரு. திருப்பூர்ல ஆரு சார் கோட்டு தைக்கறா? ஆனா அவரு சாகற வரைக்கும் என்னைப் பாக்கறப்பெல்லாம், மாப்ள முப்பத்தெட்டு சைசுல ஒண்ணு பாருங்கன்னு சொல்லிட்டேதான் இருந்தாரு. நல்ல மனுசன். என்னை அவரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டாலும் மரியாதையாத்தான் புரிஞ்சுக்கிட்டாரு. இந்தக் காலத்துல அதுவும் கெடைக்கறதில்லீங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன். ரெண்டு வருசம் முன்னால கம்பெனிக்குப் புதுசா சிஸ்டம் வந்துச்சு. பொருத்தறதுக்கு வெளியூர்ல இருந்து பசங்க வந்தாங்க. காதுல ஒயரு, கழுத்துல ஒயரு. வந்து பதினாலு நாளு உக்காந்து அளந்து, இதாங்க உங்க பழங்கோடுன்னு போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அடுத்த நாள்ல இருந்து திரை பூராவும் சிவப்புங்க. காலையில சிவப்பு, மத்தியானம் சிவப்பு, பொழுது உழுந்தாலும் சிவப்பு. மிசினு வழக்கத்தை விட நாப்பது மடங்கு ஓடுதுங்குது. சின்ன முதலாளிக்குப் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா செல்லுல எச்சரிக்கை மணி அடிக்குது. மனுசன் ஒரு நிச்சயதார்த்தத்துல தட்டை மாத்தறப்பக் கூட அடிச்சு, தட்டை நழுவ உட்டுட்டாராமா. மிசினு வெடிச்சுப் போகும், எடுத்துத் தூக்கி வீசீட்டு வேற வாங்குங்கன்னு அல்லாரும் சொல்றாங்க.

நான் ஒரே ஒரு கேள்விதானுங்க கேட்டேன். முதலாளி, இது எந்த நாள்ல எடுத்த கோடுங்கன்னேன்.

எடுத்துப் பாத்தா, தீவாளிக்கு முந்தின நாள் ஆரம்பிச்சு அடுத்த பதினாலு நாளு. திருப்பூர்ல தீவாளிக்கு என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? ஒரு ஈ காக்கா இருக்காது. அத்தனை சனமும் சொந்த ஊருக்குப் போயிருக்கும், வர்றதுக்குக் கார்த்திகை பொறந்துரும். அந்தப் பதினாலு நாளும் மிசினை உபயோகிச்சது ஆருன்னா, எங்க வாட்ச்மேன் ஒருத்தருதான். அவரும் அதுல சீட்டுக்கட்டு வெளையாண்டிருக்கறாரு. வாட்ச்மேன் சீட்டாடுனதைப் பழங்கோடுன்னு வெச்சுக்கிட்டு, மூவாயிரம் பேரு வேலை பாக்கறதை ஒப்பிட்டா சிவப்பு வராம பின்ன என்னங்க வரும்?

முதலாளி எந்திரிச்சு நின்னு கையைக் குடுத்தாரு. அடுத்து வந்த ஆயுத பூசையன்னைக்கு மேடையேத்தி ஒரு கேடயமும், அஞ்சு லிட்டர் குக்கரும் குடுத்தாங்க. மைக்குல பேசச் சொன்னாங்க. நான் சொன்னனுங்க, கோட்டைப் பாக்காதீங்க, கோட்டை எடுத்த நாளைப் பாருங்கன்னு. கை தட்டுனாங்க பாருங்க, அப்படித் தட்டுனாங்க. கேடயம் டீவி மேல இருக்குது. குக்கரு மைனாவுக்கு.

மைனாங்கறது எங்க ஊட்டம்மா. மைனாவதி. காங்கயத்துக்காரி. அவளைக் கூட்டியாரத்தான் இப்பப் போறேன்.

அந்தக் கேடயத்துக்கு அப்பறம் எனக்கு ஒரு ரோசனை வந்துச்சுங்க. மிசினுக்கே இவ்வளவு நல்லது நடக்குதே, ஊட்டுக்கு ஏன் பண்ணக்கூடாது? எனக்கு டைரி எழுதற பழக்கம் உண்டு. கல்யாணமான நாள்ல இருந்து ஒரு நாள் உடாம எழுதறேன். காபிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்குன்னு எழுதியிருப்பேன். மைனான்னு கூப்பிட்டா என்னங்கன்னு வர்றதுக்கு எத்தனை நேரம்னு எழுதியிருப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாப்பிட்டீங்களான்னு கேட்டான்னு எழுதியிருப்பேன். ஏன் எழுதுனேன்னு கேக்காதீங்க, சிலபேரு தபால்தலை சேக்கறாங்க.

ஆவணி மாசங்க கல்யாணம், பத்தொம்பது வருசம் முன்னால. அப்ப எங்க ஊட்டுல ஒரு ரூமு எடுத்துக் கட்டிட்டிருந்தாங்க, சிமிண்டும் மணலுமாக் கெடந்துச்சு. அதனால முதல் பதினாலு நாளும் மாமியாரு ஊட்டுலதான். மாப்ள விருந்து. அடடா, அந்த நாளுங்க! காபிக்குச் சராசரி ஒம்பதே முக்கால் மார்க்கு. டம்ளரை மைனாதான் கொண்டாந்து குடுப்பா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு. மைனான்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும், ரெண்டு செகண்டுல ஆராச்சும் ஒருத்தரு வந்து நின்னுருவாங்க. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களான்னு ஒரு நாளைக்குப் பதினெட்டுத் தடவை. அதைத்தானுங்க பழங்கோடா வெச்சேன். பதினாலு நாள், சுத்தமான அளவு. பதினஞ்சாம் நாளு ஒரு புள்ளி அதல பாதாளத்துல கெடந்துச்சு, அதை அடிச்சு உட்டுட்டேன். கோடு பாக்கறவனுக்குத் தெரியுமுங்க, ஊரை உட்டு ஒத்தைப் புள்ளி தனியா நின்னா அது அளவுக் கோளாறு.

இந்த வருசக் கணக்கைப் போட்டுப் பாத்தா எனக்கே திக்குன்னு போச்சு. காபி ஆறே முக்கால். கூப்பிட்டா வர்றதுக்கு நாலு நிமிசம் நாப்பது செகண்டு, அதுவும் வந்தா. சாப்பிட்டீங்களா ஒரே ஒரு தடவை, அதுவும் பாத்திரம் கழுவி வெக்கறதுக்காகக் கேக்கறது. காபி மூணு மார்க்கு எறங்கியிருக்குது, அதையும் சேத்து மூணுமே சிவப்பு. நான் திட்டவே இல்லீங்க. நம்ம கம்பெனில சிவப்புன்னா திட்டு இல்ல, கவனின்னு அர்த்தம். கலர்ல பெரிசா ஒரு பிரிண்டு எடுத்து, லேமினேசன் போட்டு, சமையக்கட்டுல மிக்சிக்கு மேல ஒட்டுனேன். தண்ணி தெளிச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு அதையும் ரோசனை பண்ணித்தான் லேமினேசன் போட்டேன். அவளுக்குப் புடிக்கும்னுதானுங்க நெனச்சேன்.

அவ மாவு அள்ளிட்டிருந்தா. நிமுந்து பாத்தா. கொஞ்ச நேரம் பாத்தா.

“இந்தச் சிவப்புக் கோடு என்னங்க?”ன்னா.

“அது நீதான் கண்ணு”ன்னேன்.

“மேல இருக்கற இந்தச் சாம்பல்?”

“அதுவும் நீதான்.”

கையைக் கழுவுனா, முந்தானையில தொடச்சா, மாவை எடுத்து பிரிஜ்ஜுல வெச்சா, பையை எடுத்தா, நாலு பத்து பஸ்ஸுக்குப் போயிட்டா. சத்தம் போட்டிருந்தாலாவது எத்தனை சத்தம்னு எழுதியிருப்பேன். சத்தமே இல்லாததை என்னன்னு சார் எழுதறது?

நல்லூரு தாண்டியாச்சுங்களா? சரி.

நாமக்கல்ல மக ஆஸ்டல்ல இருக்கறா, பன்னெண்டாவது. ஞாயித்துக்கெழமை பேசுனப்ப அவளுக்கு விசயம் தெரிஞ்சு போச்சு. அப்பா, என்னையும் கோடு போட்டு வெச்சிருக்கறீங்களான்னா. இல்ல கண்ணு, உனக்குப் பழங்கோடு சரியா அமையல, பொறந்து முதல் பதினாலு நாளும் நீ தூங்கிட்டே இருந்தேன்னேன். உள்ளதைத்தானுங்க சொன்னேன். அதுக்கு அவ, அப்பா, மொதல்ல போயி அம்மாவைக் கூட்டிட்டு வாங்கன்னு போனை வெச்சுட்டா. படிக்கற புள்ளைக்கு ஒரு ஆர்வம் வேண்டாமா?

இந்தப் பத்தொம்பது வருசத்துல மைனா அம்மா ஊட்டுக்கு நாப்பத்தோரு தடவை போயிருக்கறா. சராசரி ரெண்டேகால் நாளு. அதிகபட்சம் அஞ்சு, மச்சினன் கல்யாணத்துக்கு. இப்பப் பதினோரு நாள். போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. அஞ்சாம் நாளே மஞ்சளு வந்துருச்சு. சட்டப்படி போன் பண்ணேன். எடுக்கல. ஏழாம் நாளு சிவப்பாயிருச்சு. அப்பவே ஆளு நேர்ல போயிருக்கோணும், நான் போகல. கௌரவங்க, வேறென்ன? சட்டத்தை நானே மீறிட்டேன். அதுக்கு அனுபவிச்சாச்சு. என் கையால நானே காபி போட்டுக் குடிச்சு நானே மார்க்குப் போடறேன், ஒண்ணரை. அதும் பாவம் பாத்து ஒண்ணரை, மனசாட்சிப்படி ஒண்ணுதான். ஒரு நா காலையில பழக்கதோசத்துல மைனான்னு கூப்பிட்டுட்டேன். கூப்பிட்டுட்டுக் கடிகாரத்தையும் பாத்துட்டேன். எட்டு பன்னெண்டு. அந்தக் கணக்கு இன்னும் ஓடிட்டேதானுங்க இருக்குது.

சாப்பிட்டீங்களா மட்டும் பதினோரு நாளா பூஜ்யம். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அதைப் பாத்தா எனக்குப் பயமா இருக்குதுங்க. அந்தக் கோட்டை நான் தெனமும் போட்டுட்டுத்தான் இருக்கறேன். தரையிலயே போகுது. வேலியில போன ஓணானைப் புடிச்சு வேட்டிக்குள்ள உட்டுக்கிட்டனோன்னு ஒரு நெனப்பு. அவ வராமப் போயிட்டா என்ன சார் பண்றது? அதுக்கு எந்தப் பழங்கோடும் எங்கிட்ட இல்ல.

முந்தாநேத்து ஒருவழியா போனை எடுத்தா. எப்பக் கண்ணு வர்றேன்னேன். அவ என்ன கேட்டா தெரியுமுங்களா?

“ஏனுங்க, அந்தப் பழங்கோடு எந்த நாள்ல எடுத்ததுங்க?”

என் கேள்விங்க அது! நான் முதலாளிகிட்டக் கேட்டது, கேடயத்துலயே பொறிச்சிருக்குது. அதை எங்கிட்டயே கேக்கறா. எனக்கு ஒரு பக்கம் பெருமைதான், நம்ம ஊட்டுலயும் ஒருத்தி கத்துக்கிட்டாளேன்னு. தேதி வாரியா எடுத்துச் சொன்னேன். ஆவணி இத்தனாந்தேதியில இருந்து இத்தனாந்தேதி வரைக்கும், ஒரு நாள் உடலன்னேன். அவ சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே போனை மாமியாருகிட்டக் குடுத்தா. அந்தம்மாவும் சிரிக்குது. பின்னால மச்சினன் சிரிக்கறான். ஒரு குடும்பமே அளவு எடுத்ததைப் பாத்துச் சிரிச்சா நாம என்னத்தைப் பேசறது? வெச்சுட்டேன். தேதியெல்லாம் சரிதானுங்க, அப்பறமும் ரெண்டு தடவை டைரியைப் பாத்துட்டேன்.

ஏனுங்க, நீங்களும் சிரிக்கறீங்க?

என்ன கேட்டீங்க? அப்ப நாங்க எங்க இருந்தமா? நாந்தான் சொன்னனே, காங்கயத்துல, மாமியாரு ஊட்டுல. மாப்ள விருந்து. ஆமாங்க, சமையலெல்லாம் மாமியாருதான், புதுப்பொண்ணை ஆரு அடுப்புக்கிட்ட உடுவாங்க? காபியா? காபியும் அந்தம்மாதான், டம்ளரை மைனா கொண்டாந்து...

இருங்க.

இருங்க சார், பேசாதீங்க ஒரு நிமிசம்.

அப்ப மைனான்னு கூப்பிட்டா வந்தது... மச்சினன் வருவான். மாமியாரு வரும். பக்கத்தூட்டுப் பெரியம்மா கூட ஒருக்கா வந்துச்சு. சாப்பிட்டீங்களான்னு கேட்டதுல முக்கால்வாசி விருந்துக்கு வந்திருந்த ஒறம்பரைங்க, அவங்களே அப்பப் பதினாறு பேரு இருந்தாங்க.

அப்ப இந்தச் சாம்பல் கோடு மைனா இல்லீங்க. மாமியாரு. மாமியாரும், மச்சினனும், பக்கத்தூட்டுப் பெரியம்மாவும், பதினாறு ஒறம்பரையும் சேந்தது. அத்தனை பேரு பண்ணதை மேல வெச்சுட்டு, ஒத்தைப் பொம்பளையைக் கீழ வெச்சு, அதுவும் நீதான்னு அவகிட்டயே சொல்லியிருக்கறேன். அவ கேட்டப்ப எவ்வளவு தைரியமாச் சொன்னேன் தெரியுமுங்களா? வாட்ச்மேன் சீட்டாடுனதைக் கண்டுபுடிச்சவன், இதைக் கோட்டை உட்டுட்டனே.

படியூருங்களா இது? இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்குது. சார், பேனா வெச்சிருக்கறீங்களா? குடுங்க. எழுதாட்டிப் போகுது, இந்த லேமினேசன் மேல அழுத்தி இழுத்தா தடமாச்சும் உழும். அப்ப நெசமான பழங்கோடு எது? ரூமு கட்டி முடிச்சு, எங்க ஊட்டுக்கு வந்து, அவ கையால போட்ட முதல் காபி. அது பதினஞ்சாம் நாளு. நான் அடிச்சு உட்டனே, அந்தப் புள்ளி. அது என்னன்னு இப்ப ஞாபகம் வருதுங்க. அன்னைக்கு அவ சக்கரைன்னு நெனச்சு உப்பைப் போட்டுட்டா. புது ஊடு, எந்த டப்பாவுல எது இருக்குதுன்னு தெரியாது, ஆருகிட்டக் கேக்கறதுன்னும் தெரியாது. நான் ஒரு வாய் குடிச்சேன், அவ மொகத்தைப் பாத்தேன், மிச்சத்தையும் குடிச்சுட்டேன். டைரியில அரை மார்க்குன்னு எழுதி, அளவுக் கோளாறுன்னு அடிச்சும் உட்டுட்டேன். அவகிட்ட நல்லா இருக்குதுன்னுதான் சொன்னேன்.

அங்கிருந்து பாருங்க. அரையில ஆரம்பிச்சு ஆறே முக்கால். ஒரு எடத்துலயும் எறங்கல சார், ஏறிட்டேதான் வந்திருக்கறா. பதிமூணரை மடங்கு. எங்க கம்பெனில எந்த மிசினும் பத்தொம்பது வருசம் ஏறுனதில்லீங்க, ரெண்டாவது வருசமே கையைத் தூக்கிரும். இதை மட்டும் அவகிட்டக் காட்டிட்டா முடிஞ்சுது. நீ உப்புக் காபியில ஆரம்பிச்சவ கண்ணு, எங்க வந்து நிக்கறே பாருன்னு, அவங்க அம்மா முன்னாலயே சொல்லப் போறேன். சந்தோசப்படுவா.

ஏனுங்க சார், வேண்டாங்கறீங்க? உப்பைச் சொல்ல வேண்டாமா? உப்பைச் சொல்லாம ஏறுனதை எப்படிங்க காட்டறது?

இருங்க, போன் அடிக்குது. அவதான். அவளேதான் சார். பேசாதீங்க.

சொல்லு கண்ணு. ஆமா... பஸ்ஸுல. உனக்கு ஆரு சொன்னா? ஆஸ்டல்ல இருந்து பாப்பா சொன்னாளா? சரி சரி. இன்னும் காமணி நேரத்துல... என்னது?

...

இல்ல கண்ணு. இன்னும் இல்ல. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல.

சரி. சரிங்கறேன். வந்தர்றேன்.

வெச்சுட்டா.

அப்படிப் பாக்காதீங்க சார். ஆமா, நீங்க பாத்தீங்க, திருப்பூரு ஸ்டேண்டுல உங்க பக்கத்துல நின்னுதான் மூணு பரோட்டாவும் ஆம்லெட்டும் சாப்பிட்டேன். இல்லைன்னு சொல்லல. ஆனா அவ சாப்பிட்டீங்களான்னு கேட்டாளுங்க. பாத்திரம் கழுவறதுக்கு இல்ல, எங்க பாத்திரம் அங்கயா இருக்குது? சும்மாவே கேட்டா. சாப்பிட்டாச்சுன்னு சொன்னா அதோட முடிஞ்சு போகுமுங்க. இல்லைன்னு சொன்னாத்தான் அடுப்புக்கிட்டப் போவா, அங்கிருந்து இன்னொருக்கா கேப்பா, எலையைப் போட்டுட்டு ஒருக்கா கேப்பா.

பஸ் ஸ்டேண்டு வந்தாச்சு. நான் எறங்கறேன். இந்தாங்க உங்க பேனா. இந்தச் சார்ட்டை... நீங்க சொல்றதும் சரின்னுதான் படுது. சீட்டு மேலயே வெச்சுட்டுப் போறேன், வேணும்னா மடிச்சு கண்டக்டருகிட்டக் குடுத்துருங்க. இன்னைக்குக் காபியில உப்பையே போட்டுக் குடுத்தாலும் குடிச்சுட்டு நல்லா இருக்குதுன்னுதான் சொல்லப் போறேன். வர்றனுங்க சார்.

சார், சார். இங்க, சன்னலு. அந்தச் சுருளைக் கொஞ்சம் குடுங்க. காட்டறதுக்கில்லீங்க. பின்னால பக்கம் வெள்ளையாத்தான் இருக்குது, இன்னைக்குத் தேதியைப் போட்டு ஒரு புள்ளி வெக்கோணும். மணி ரெண்டு இருவது, சாப்பிட்டீங்களா, ஒண்ணு.